மூச்சுக்காகக் குறைத்த ஒரு மதிப்பெண்

என் காதுகள் ஒலியின் மேல்பகுதியை இழந்துவிட்டன. திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேச்சு கேட்கிறது. லாரி ஹாரன் கேட்கிறது. சந்தையில் தக்காளிக் கூடையை ஏலம் விடுகிறவரின் குரல் கேட்கிறது. ஒரு பாடகி வரியைத் தொடங்குவதற்கு முன் இழுக்கும் மூச்சும், சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸும், ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் யாரோ ஒருவர் முக்கோணக் கம்பியைத் தட்டுவதும் கேட்பதில்லை. நான் கேட்க விரும்பியவை இவைதான். இவை எப்போது போயின என்பதை என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும். வாராவாரம் அதை நானே நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். எதை எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் வேலை செய்கிறேன். அறைக்குள் கோடையிலும் மார்கழியிலும் இருபது டிகிரிதான். வீடு கெலமங்கலத்தில், சந்தைக்குப் பின்தெருவில். காலை ஆறு நாற்பதுக்குக் கம்பெனி பஸ் வரும். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், என் இடம். அந்தப் பயணத்தில்தான் பாட்டுக் கேட்பேன்.

எனக்கு அந்த மேற்கத்தியச் செவ்வியல் சங்கீதம் வந்த வழி மிகச் சாதாரணமானது. எங்கள் அறைக்கு ஓர் அளவை இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை நிறுவ வந்த பொறியாளர் ஆறு வாரம் இருந்தார். வேலை செய்யும்போது சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய சத்தத்தில் எதையோ ஓடவிடுவார். ஒருநாள் ஒரு பெண் குரல், கூடவே பியானோ மட்டும். நான் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். என்ன பாட்டு என்று கேட்டதற்கு, போன் செயலியின் பெயரையும் பாடகியின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். அதன்பிறகு யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. வார்த்தைகளின் பொருளை இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டேன். முதலில் தனிப்பாட்டுகள், பிறகு ஆர்கெஸ்ட்ரா, கடைசியாக ஓபெரா. ஓபெரா பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.

புதிய ஒலிப்பதிவுகளைத்தான் கேட்பேன். அவை வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். பழையவற்றைப் பற்றிப் பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். புதிதாக வந்ததைப் பற்றி அன்று காலை யாருக்கும் எதுவும் தெரியாது. அதை முதலில் அளப்பவர்களில் நானும் ஒருவன் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. நீள நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். நாள், பாடியவர் அல்லது குழு, பதிவு செய்த மண்டபம், கேட்ட இடம், குறிப்பு, பத்துக்கு எத்தனை. ஒன்பது நோட்டுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றை நான் யாருக்கும் காட்டியதில்லை.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் இந்த அளவுக் கருவி அறைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த பிரஸ்ஸில் நின்றோம். ஹெட்போனை நான் கழற்றும் வரை காத்திருந்து கேட்பார்.

“ஏமண்ணா, வெள்ளக்காரி அழுது முடிச்சிட்டாளா?”

“இன்னிக்கு ஆம்பளப்பா.”

“அவன் எதுக்கு அழுவுறான்? அவனுக்கும் ஓவர்டைம் போட்டுட்டானுங்களா?”

முன் இருக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார். பிரஸ் ஷாப்பில் எல்லோரும் அப்படித்தான்.

அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதில் செருக ஆரஞ்சு நிற நுரை அடைப்பான் இரண்டு கொடுப்பார்கள். நாங்கள் வலது காதில் செருகிக்கொண்டு இடது காதைத் திறந்து விடுவோம். சோம்பல் காரணமில்லை. இருநூற்றைம்பது டன் பிரஸ் தகட்டை அடிக்கும் ஒவ்வொரு அடியிலும், தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டை ஒரு சத்தம் போடும். துளை போடும் பஞ்ச் முனை மழுங்க ஆரம்பித்தால் அந்தச் சத்தத்தின் கடைசியில் ஒரு சின்னக் கீறல் சேரும். அதைக் கேட்டு நிறுத்துகிறவன்தான் நல்ல ஆபரேட்டர். கேட்காதவன் டையை உடைப்பான். நான் ஒரு டையையும் உடைத்ததில்லை. அப்போது அதற்காகப் பெருமைப்பட்டேன்.

ஆறாவது நோட்டின் நடுவில்தான் காது குறைந்ததைக் காட்டும் தெளிவான முதல் குறிப்பு இருக்கிறது. ஒரு புதிய ஓபெரா பதிவு. “வயலின்கள் மந்தம். மேல்பகுதி கம்பளி போர்த்தியது போல. 6.” அடுத்த மாதம் இன்னொன்று. “தாளத் தட்டுகள் அடிப்பது தெரிகிறது, மினுமினுப்பு இல்லை. 6.” ஏழாவது நோட்டில் இப்படிப் பக்கத்துக்கு இரண்டு மூன்று. எட்டாவதில் அனேகமாக எல்லாமே. உச்சரிப்பு தெளிவில்லை, சொற்களின் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறது, அண்மைக்காலப் பாடகர்களுக்கு மெய்யெழுத்தில் அக்கறை போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை முழுப் பக்கத்துக்கு ஒரு கருத்தையே எழுதி வைத்தேன். இப்போது எல்லோரும் போனில் கேட்பதால் ஒலிப்பதிவுக்காரர்கள் வேண்டுமென்றே மேல்பகுதியைக் குறைக்கிறார்கள், உலகம் முழுவதும் இந்தக் கலை அவசரத்தில் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொன்னேன்.

“எல்லாத்துலயும் அப்படித்தாண்ணா,” என்றார். “முன்ன மாதிரி தகடும் இல்ல.”

எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வீட்டில் என் மனைவி ஒருநாள், “ஏங்க, பைப்பு சீறிக்கினே இருக்குது, மூடாம வந்துட்டீங்க பாருங்க,” என்றாள். போய்க் குழாய்க்கு முன்னால் நின்றேன். தண்ணீர் நூல்போல விழுந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. வாஷர் போயிருக்கும் என்று மாற்றினேன். அதையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

போன வருடம், வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சிறிய ஒலிப்பதிவு நிறுவனம் ஒரு தனிப்பாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. பாடியவர் அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்த அதே பாடகி. நான் பல வாரம் காத்திருந்த பதிவு. கேட்டேன். குரல் வட்டமாக, இதமாக, ஓரமே இல்லாமல் இருந்தது. மூச்சொலி எங்கும் இல்லை. அதற்காக மட்டும் பத்துக்குப் பத்து போட்டேன். பிறகு பியானோவின் மேல் ஸ்வரங்கள் மரக்கட்டையைத் தட்டுவதுபோல இருப்பதைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது. தொழிற்சாலையில் சப்ளையருக்கு அனுப்பும் நிராகரிப்பு அறிக்கையின் வடிவத்திலேயே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி, என்ன குறை. பதினோரு குறைகள்; மூச்சை நீக்கியதற்கு மட்டும் ஒரு பாராட்டு. என் ஆங்கிலத்தை இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒலிப்பதிவாளரே எழுதியிருந்தார். இவ்வளவு கவனமாக யாரும் எங்களுக்கு எழுதியதில்லை, நன்றி என்று தொடங்கியிருந்தார். நான் குறிப்பிட்ட பதினோரு இடங்களையும் வரைபடமாக எடுத்து இணைத்திருந்தார். எல்லா இடத்திலும் மேல்பகுதி நிறைவாக இருக்கிறது என்றும், பாடகி தன் மூச்சை நீக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் ஒரு மூச்சையும் தாங்கள் நீக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. நீங்கள் எந்தக் கருவியில் கேட்கிறீர்கள்?

இருபது வருடமாக நான் மற்றவர்களிடம் கேட்டுவரும் கேள்வி அது. ஒரு பாகம் அளவு தப்பினால் பாகத்தைத் திட்டுவதற்கு முன்னால் அதை அளந்த கேஜைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் அறைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டியதுதான்.

அப்போதும் ஹெட்போனைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து சத்தமானியை வாங்கி வந்தேன். சத்தத்தைக் கீழ், நடு, மேல் என்று பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. அதன் மைக் முனையைச் சுற்றி ஹெட்போனின் ஒரு கிண்ணத்தைப் பொருத்தினேன், மறு கிண்ணத்தை என் காதில் வைத்துக்கொண்டேன். தாளத் தட்டுகள் அடிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ராப் பகுதியை ஓடவிட்டேன். அடி விழுந்த இடத்தில் திரையின் வலது ஓரத்துப் பட்டைகள் எகிறின. என் காதில் துணியை உதறியதுபோல ஒரு ‘தப்’ மட்டும். மறுபடி ஓடவிட்டேன். பட்டைகள் மறுபடி எகிறின. ஐந்து முறை செய்தேன். எந்த அளவையும் ஐந்து முறை எடுப்பது என் வழக்கம்.

அறையில் என்னோடு வேலை செய்யும் தர்மபுரிக்காரப் பெண் எட்டிப் பார்த்தார்.

“என்னா சார், ஹெட்போனுக்கும் காலிபரேஷனா?”

“கொஞ்சம் கேட்டுப் பாரும்மா. இதுல ‘ஸ்ஸ்’னு ஏதாச்சும் வருதா?”

அவர் காதில் வைத்தார். உடனே முகத்தைச் சுளித்துக் கழற்றினார். “அய்யோ, காதைக் கிழிக்குது சார். கொறைச்சு வையுங்க.”

ஹெட்போனை வாங்கி மேசைமேல் வைத்தேன். அன்று மாலை வரை மீதியிருந்த ஏழு மைக்ரோமீட்டர்களையும் சரிபார்த்து முடித்தேன். அதுவும் அன்றைய குறிப்பில் இருக்கிறது.

இனி வருவது என் வெட்கம். வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலைக்குள் காது சோதனை வண்டி வரும். வண்டிக்குள் ஒரு சின்ன அடைப்பு அறை. ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் பிரஸ்ஸை விட்டுப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பேக்கிங்குக்குப் போனவனைக் கேன்டீனில் ‘அட்டைப்பெட்டி’ என்று கூப்பிடுவார்கள். அதனால் வரிசையில் முன்னால் போனவன் வெளியே வந்து பின்னால் நிற்பவனிடம் சொல்வது ஒரு வழக்கம். “மூணு எண்ணி அமுக்கு, வரலன்னாலும் அமுக்கு, அப்பறம் மறுபடி மூணு.” வரிசை முழுவதற்கும் அது கைமாறும். நான் பிரஸ்ஸை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. ஏமாற்ற எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் என் முடிவு ‘இயல்பு’ என்றே வந்தது. காரணம் இப்போது புரிகிறது. பாட்டில் இடைவெளிகளை எண்ணிப் பழகிய விரல் அது. முதல் சில சத்தங்கள் கேட்டவுடன் தாளம் பிடிபட்டுவிடும். பிறகு சத்தம் நின்றாலும் விரல் சரியான இடத்தில் அழுத்திக்கொண்டே போகும். கேட்டதாகவே நானும் நம்பினேன்.

சத்தமானியைப் பிடித்த மறுமாதம் வண்டி வந்தது. உள்ளே பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண். “சவுண்ட் பந்த்ரெ பட்டன் ஒத்தி சார்,” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “சவுண்ட் வந்தா அமுக்குங்க,” என்றார்.

“ஒண்ணு கேக்கணும்மா. சரியா இடைவெளி விட்டுக் குடுக்காதீங்க. உங்க இஷ்டத்துக்கு, தாறுமாறா குடுங்க.”

“ஏன் சார்?”

“எனக்குத் தாளம் தெரிஞ்சுடுது.”

அவர் சிரித்தார். இவ்வளவு வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். கதவைச் சாத்தினார். உள்ளே நான் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் தாழ்ந்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு நடு. பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதிக்குள் என் காதின் சொந்த ‘கீ’ ஒலி மட்டும் இருந்தது. அது எப்போது வந்து சேர்ந்தது என்று நோட்டில் இல்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் கை ஒரு குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பது தெரிந்தது. அவர் எனக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் இரண்டு கோடுகள். இரண்டும் பாதி வரை சமமாகப் போய்ப் பிறகு கீழே விழுந்திருந்தன. இடது காதின் கோடு அதிகமாக.

ஓசூரில் காது மருத்துவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடம் பிரஸ்ஸில் நின்றேன் என்று மட்டும் கேட்டார். உள்ளே இருப்பது மயிரிழைபோன்ற செல்கள், பிரஸ் கெடுத்ததை வயது முடித்திருக்கிறது, செத்தவை செத்தவைதான், மீதியைக் காப்பாற்றப் பாருங்கள் என்றார். கருவி வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும். சங்கீதம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “தகர டப்பாவுக்குள்ள போட்ட மாதிரி இருக்கும்னு சொல்வாங்க,” என்றார். அவர் உண்மையைச் சொன்னதற்கு நன்றியோடுதான் வந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“இதுக்காண்ணா மூஞ்சிய இப்படி வெச்சுக்கினு இருக்க? எனக்குப் போயி பத்து வருசம். பொண்டாட்டி திட்றதுல பாதிதான் வருது. நிம்மதி.” பிறகு என் மடியில் இருந்த ஹெட்போனைப் பார்த்தார். “உனக்கு இந்தப் பாட்டு ஒண்ணு இருக்குதில்ல,” என்றார். கெலமங்கலம் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு கேஜ் தப்பு என்று தெரிந்தால், அது கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து அதைக் கொண்டு அளந்த எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்து அளக்க வேண்டும். நான் ஒன்பது நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் போனேன். கடைசியாகச் சரியாக இருந்த நாள் எது என்பது கிடைக்கவில்லை. ஒவ்வொரு ‘மந்தம்’ என்ற சொல்லுக்கும் முன்னால் இன்னும் லேசான ஒரு ‘மந்தம்’ இருந்தது. உலகத்தில் யார் யாரோ, எந்தெந்த மண்டபத்திலோ, கவனமாகச் செய்த வேலைக்கு நான் ஆறும் ஐந்தும் போட்டிருந்தேன்.

முதல் நோட்டு வரை போய்விட்டேன். அதில் அந்தப் பாடகியின் பதிவு இருக்கிறது. பொறியாளர் போன பிறகு நான் முதன்முதலாக முழுதாகக் கேட்ட புதிய பதிவு. குறிப்புப் பத்தியில் என் எழுத்து, இப்போதைவிடக் கொஞ்சம் பெரியது: “மூன்றாவது பாட்டு, இரண்டாம் வரிக்கு முன் மூச்சிழுப்பது பெரிதாகக் கேட்கிறது. நீக்கியிருக்கலாம். 9.”

கேட்டிருக்கிறேன். கேட்டு, அதைக் குறை என்று எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அதே பாடகிக்குப் போன வருடம் மூச்சே இல்லை என்று முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லா நோட்டுகளையும் எரித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தப்பான கேஜின் பதிவேட்டை அழிக்கக்கூடாது என்பதும் விதி. எடுத்த இடத்திலேயே அடுக்கி வைத்தேன்.

ஒலிப்பதிவாளருக்கு இரண்டு வரி எழுதினேன். உங்கள் பதிவில் குறை இல்லை, என் கருவியில்தான் குறை, மன்னிக்கவும் என்று. புதிய ஹெட்போன் வாங்கிவிடுங்கள் என்று அன்பாகப் பதில் போட்டிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை.

போன ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் குழந்தைகளின் சத்தத்தில் இருந்தும் அவள் காது அப்படியே இருக்கிறது. போன வருடத்து அந்தத் தொகுப்பை ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அந்தம்மா பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கும். கேட்டா விரல் தூக்கு. அவ்ளோதான்.”

“இதுக்குத்தான் கூப்புட்டீங்களா? துணி காயப் போடாம கெடக்குது.”

“அஞ்சு பாட்டுதான்.”

“அஞ்சா!” என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு தொடங்கியது. எனக்குப் பியானோ கேட்டது, பிறகு குரல் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் அவள் விரல் மேலே போய் இறங்கியது. நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அடுத்த வரிக்கு முன் மறுபடி விரல். மறுபடி கோடு. அந்த இடங்களில் எனக்கு ஒன்றுமே இல்லை, வெறும் இடைவெளி. “நல்லா பெரிசாத்தான் இழுக்குது,” என்றாள். “இவ்ளோ பெரிசா இழுத்தா உங்களுக்கு எப்படிக் கேக்காம போவும்?” நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பாட்டில் முப்பத்தேழு மூச்சு.

ஐந்தாவது பாட்டு மெதுவானது. முதல் வரிக்கு முன் விரல் தூக்கினாள். இரண்டாவதுக்கும் தூக்கினாள். பிறகு கை மடியில் இறங்கியது, அங்கேயே இருந்தது. மூன்றாம் வரி, நான்காம் வரி. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இல்லையா, இவள் தூக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவைத் தாளில் வைத்தபடி இருந்தேன். பாட்டு முடிந்து பியானோவும் நின்றது.

“என்னாச்சு? மூச்சு வரலையா?”

“வந்துச்சோ என்னமோங்க. கேட்டுக்கினே உக்காந்துட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. “என்னா எப்படி? நீங்களுந்தான கூட கேட்டீங்க,” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

ஐந்தாவது பாட்டு என்று எழுதி, குறிப்பையும் மதிப்பெண்ணையும் காலியாக விட்டேன்.